சத்தியமூர்த்தி பூண்டி அணையைக் கட்டினாரா? ஒரு வக்கீல் மேயரின் ஓராண்டு

கேள்வி சுருக்கமாக இதுதான்: "தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது பூண்டி அணையைக் கட்டினார் என்று படித்தேன். அந்தக் காலத்தில் மேயர் பதவி ஒரு வருடம்தானே? ஒரு வருடத்தில் எப்படி அணை கட்ட முடியும்? அதுவும் ஒரு வக்கீலால்? இன்றைய மேயர் நினைத்தால் அப்படிச் செய்ய முடியுமா?" அணை கட்டும் வேகத்தைப் பற்றி இவர் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மேயர் நாற்காலிக்கு அன்று என்ன அதிகாரம் இருந்தது, அதில் உட்கார்ந்த இந்த மனிதர் அதை வைத்து என்ன செய்தார், புகழில் எவ்வளவு பங்கு உண்மையிலேயே அவருடையது என்பதைத்தான் அறிய விரும்புகிறார். நான் உள்ளாட்சி வழக்குகளை நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கறிஞன். சென்னை மாநகராட்சிச் சட்டத்தோடு தினமும் பழகியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். அணைப் பொறியியல் எனக்குத் துறை அல்ல. அந்தப் பக்கம் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். 1887 ஆகஸ்ட் 19ஆம் தேதி திருமயத்தில் பிறந்தவர். திருமயம் அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. தந்தை சுந்தர சாஸ்திரியும் வக்கீல். அவர் சீக்கிரமே காலமானதால் குடும்பப் பொறுப்பு இளம் வயதிலேயே சத்தியமூர்த்தியின் தலையில் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டு, வி.வி. சீனிவாச ஐயங்காரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். அந்தக் காலச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நல்ல சீனியரிடம் சேர்ந்த கெட்டிக்கார ஜூனியருக்கு வருமானத்துக்குக் குறை இருக்காது. இவர் அந்தப் பாதையில் வெகுதூரம் போகவில்லை. 1919இல், இந்திய ஆட்சிமுறையை மாற்ற பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தங்களைப் பற்றி இங்கிலாந்தில் எடுத்துச் சொல்லக் காங்கிரஸ் அனுப்பிய குழுவில் ஒருவராக லண்டன் போனார். அதற்குப் பிறகு கோர்ட் அவருக்கு இரண்டாம் இடம்தான்.

1923இல் சுயராஜ்யக் கட்சி சார்பில் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். தொகுதி, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் வாக்களிக்கும் பல்கலைக்கழகத் தொகுதி. 1930 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டு சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியதும், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் மேல் தேசியக் கொடி ஏற்ற முயன்று கைதானார். 1934 தேர்தலில், நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியாரைச் சென்னை நகரத் தொகுதியில் தோற்கடித்து தில்லி மத்திய சட்டமன்றத்துக்குப் போனார். அங்கே காங்கிரஸ் கட்சித் தலைவர் புலாபாய் தேசாய், துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. இருவரும் வக்கீல்கள்.

தில்லியில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கேள்வி நேரம். துணைக் கேள்விகளை அடுக்குவதில் அவருக்கு இணை இல்லை என்று எதிரணியினரே ஒப்புக்கொண்டார்கள். இதை நான் தொழில்காரனின் கண்ணோடு பார்க்கிறேன். துணைக் கேள்வி என்பது குறுக்கு விசாரணையேதான். கூண்டில் நிற்கும் சாட்சியிடம் வாதம் செய்யக் கூடாது. அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அடுத்த கேள்வியில் அதற்கு எதிரான இன்னொரு ஏட்டைக் காட்ட வேண்டும். அப்படிக் கேட்க வேண்டுமானால், அரசாங்கத்தின் கோப்பை அரசாங்க அதிகாரியைவிடக் கவனமாகப் படித்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் மாநகராட்சிக்கு வந்தால் என்ன செய்வார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

இடையில் 1937ஐப் பற்றி ஒரு வார்த்தை. மாகாணத் தேர்தலில் காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. சத்தியமூர்த்தியின் பழைய பல்கலைக்கழகத் தொகுதியில் ராஜாஜி நின்று வென்று பிரதமரானார் (மாகாண முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்). சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடமில்லை. இவ்வளவும் உறுதி. "மந்திரி பதவி தருவதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள்" என்று மேடைகளில் சொல்லப்படுவது அவர் தரப்பினரின் வாதம். ராஜாஜி தரப்பு அதை ஏற்றதில்லை. நேரில் நடந்த பேச்சுக்கு எழுத்துச் சாட்சி இல்லாதபோது நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த சட்டமன்றவாதிக்கு மாகாண ஆட்சியில் ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் வகித்த ஒரே நிர்வாகப் பதவி என்று சொல்லத்தக்கது, 1939 நவம்பரில் வந்த சென்னை மேயர் பதவிதான். அதையும் "நிர்வாகப் பதவி" என்று சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இடையில் அந்தப் பதவிப்பெயர் மறைந்து, பிரசிடென்ட் என்ற பெயரில் தலைமை இயங்கியது. 1933இல் "மேயர்" திரும்ப வந்தது, குமாரராஜா முத்தையா செட்டியாரோடு. பெயர்தான் பெரிதாக வந்தது, கூடவே அதிகாரம் வரவில்லை. 1919ஆம் ஆண்டுச் சென்னை நகர மாநகராட்சிச் சட்டம் மன்றம், நிலைக்குழுக்கள், கமிஷனர் என்று மூன்று அதிகார அமைப்புகளை வகுத்தது. நிறைவேற்று அதிகாரம் கமிஷனரிடம். அந்தக் கமிஷனரை நியமிப்பது அரசாங்கம். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ஒழுங்கு காப்பார். ஓராண்டு முடிந்ததும் இறங்கிவிடுவார்.

இது எல்லா ஊரிலும் இப்படி இருந்ததில்லை. கல்கத்தாவைப் பாருங்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தலைமை நிர்வாக அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாநகராட்சிக்கே கொடுத்தது. அதனால்தான் 1924இல் முதல் மேயராக வந்த சித்தரஞ்சன் தாஸ், 27 வயது சுபாஷ் சந்திர போஸை அந்தப் பதவியில் அமர்த்த முடிந்தது. தாஸும் பெரிய வக்கீல். ஆனால் அவர் உட்கார்ந்தது அதிகாரமுள்ள நாற்காலி. இன்னும் தள்ளிப் போனால் நியூயார்க். சத்தியமூர்த்தி மேயராக இருந்த அதே நாட்களில் அங்கே ஃபியோரெல்லோ லா கார்டியா மேயர். அவரும் சட்டம் படித்தவர். 1934 முதல் 1945 வரை 12 ஆண்டுகள், துறைத் தலைவர்களைத் தானே நியமிக்கும் அதிகாரத்தோடு இருந்தார். லா கார்டியா பாலம் கட்டினார், பூங்கா கட்டினார் என்றால் அந்த வினைச்சொல் பொருந்தும். ரிப்பன் கட்டடத்தில் உட்கார்ந்த மேயருக்கு அது அப்படியே பொருந்தாது.

சட்டத்தில் மேயருக்கென்று இருந்த இரண்டு உரிமைகளை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. மாநகராட்சியின் எந்த ஏட்டையும் அவர் வரவழைத்துப் பார்க்கலாம். மாநகராட்சிக்கும் அரசுக்கும் இடையிலான அதிகாரபூர்வக் கடிதப் போக்குவரத்து அவர் வழியாக நடக்க வேண்டும். சாதாரண மேயருக்கு இவை அலங்காரம். கோப்பைக் கடைசி வரி வரை படிக்கிறவருக்கு, கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு, இவை இரண்டும் போதுமான ஆயுதங்கள்.

இப்போது தண்ணீர். சென்னையின் குடிநீர் அன்று முழுக்கக் கொசஸ்தலை ஆற்றை நம்பியிருந்தது என்றே சொல்லலாம். 1870களின் தொடக்கத்திலிருந்து தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஆற்று நீரைத் திருப்பி, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுவந்தார்கள். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் வந்தது. இந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. கொசஸ்தலை வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் மட்டும் பெருக்கெடுத்து ஓடும் ஆறு. தாமரைப்பாக்கத்தில் இருப்பது திருப்பிவிடும் தடுப்பணை, தேக்கி வைக்கும் இடம் அல்ல. கால்வாய் கொள்கிற அளவுதான் ஏரிக்கு வரும். மீதி வெள்ளம் எண்ணூரில் கடலுக்குப் போய்விடும். மக்கள்தொகையோ 1931இல் 6.47 லட்சம், 1941இல் 7.77 லட்சம். மழை பொய்த்த ஆண்டில் ஏரிகள் காய்ந்துவிடும். ஆற்றின் மேல்பகுதியில் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, பிறகு மெல்லத் திறந்துவிட ஓர் இடம் வேண்டும். பூண்டி அந்த இடம்.

மேல்பகுதியில் நீரைத் தேக்கினால் பிரச்சினை தீரும் என்பது ஆற்றைப் பார்த்த எந்தப் பொறியாளருக்கும் புரிந்திருக்கும். பிறகு ஏன் நடக்கவில்லை? அணை கட்ட மாநகராட்சிக்கு மூன்று சாவிகள் தேவைப்பட்டன, மூன்றும் அரசாங்கத்தின் இடுப்பில் இருந்தன. கடன் வாங்க 1914ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கடன் சட்டத்தின்படி அரசின் அனுமதி வேண்டும். நிலம் எடுக்க 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி அரசு ஆணையிட வேண்டும். ஆற்று நீரைத் தேக்கப் பொதுப்பணித் துறை சம்மதிக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் பாசனம் செய்கிறவர்களின் உரிமையும் அதில் அடங்கும். மன்றம் எத்தனை தீர்மானம் போட்டாலும், கோட்டையில் ஒருவர் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி வைத்துவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். இந்த நிலை எனக்குப் பழக்கமானது. இன்றும் என் கட்சிக்காரர்களான நகராட்சிகளின் பாதி வழக்கு இதுதான்.

சத்தியமூர்த்தி மேயரானபோது அரசியல் நிலை இதைவிடக் கடினமாக இருந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கிவிட்டது. இந்தியாவைக் கேட்காமலே போரில் இழுத்ததை எதிர்த்து, அக்டோபர் கடைசியில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆவது பிரிவின்படி ஆட்சி கவர்னர் கைக்குப் போனது. சட்டமன்றம் செயல்படவில்லை. கேள்வி கேட்கவும் அங்கே இடமில்லை, தட்டிக் கேட்க மந்திரியும் இல்லை. காங்கிரஸ்காரர் ஒருவர் மேயர், அவர் போக வேண்டிய வாசலோ காங்கிரஸ் எதிர்த்து வெளியேறிய அதே கவர்னர் ஆட்சி. போர்க்காலத்தில் பொதுச் செலவை இறுக்கிப் பிடிக்கும் நேரம் வேறு. இந்தச் சூழ்நிலையில் குடிநீர்த் திட்டத்தை அவர் கையில் எடுத்தார். 1940இல், அவருடைய மேயர் காலத்துக்குள்ளேயே, கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். ஹோப் சென்னைக்கு கவர்னராக வந்ததே அந்த ஆண்டு மார்ச் மாதம்தான்.

இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம்? அவர் பதவிக் காலத்தில் அரசின் அனுமதி கிடைத்தது, பணி தொடங்கியது. இது பதிவான செய்தி. அந்தத் திட்டத்துக்காக மேயர் என்ற முறையில் அரசிடம் விடாமல் வாதாடினார் என்பதையும் அன்றைய அரசியலை எழுதிய எல்லாத் தரப்பினரும் ஒப்புக்கொள்கிறார்கள். எது என் அனுமானம்? சில மாதங்களில் அடிக்கல் வரை போனதென்றால், அளவீடும் வரைபடமும் மதிப்பீடும் அவர் வருவதற்கு முன்பே மேசையில் ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்க வேண்டும். ஆற்று நீரோட்டக் கணக்கை ஒரு பருவமழையை மட்டும் பார்த்து எழுத முடியாது. ஆகவே திட்டத்தின் கரு அவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். பொறியாளர்களின் உழைப்பை மறைத்து அவருக்குப் புகழ் சேர்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தூங்கிக் கொண்டிருந்த கோப்பை எழுப்பி, கடன், நிலம், நீர் என்ற மூன்று அனுமதியையும் ஓராண்டுக் கெடுவுக்குள் வாங்கியதுதான் அவர் செய்தது. உள்ளாட்சிக் கோப்புகள் நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். வக்கீலுக்கு அணையில் என்ன வேலை என்று கேட்டீர்களே, இதுதான் வேலை. எதிர்த்தரப்பு மறுக்க முடியாதபடி வழக்கை அதன் ஏடுகளிலிருந்தே கட்டுவது.

"அவர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது" என்று சிலர் எழுதுவது தவறு. அணை முடிந்தது 1944இல், சுமார் 65 லட்சம் ரூபாய்ச் செலவில். மேயர் பதவி 1940இலேயே முடிந்துவிட்டது. அதன்பின் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். 1942 ஆகஸ்டில், பம்பாய்க் காங்கிரஸ் கூட்டத்திலிருந்து திரும்பியவரை மறுபடி கைது செய்து, தொலைவில், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் ஏற்பட்ட முதுகெலும்புக் காயத்திலிருந்து அவர் மீளவில்லை. 1943 மார்ச் 28ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55. பூண்டியில் நீர் தேங்கியதை அவர் பார்க்கவே இல்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. யாரிடம் வாதாடி நகரத்துக்குத் தண்ணீர் பெற்றாரோ அதே ஆட்சியின் சிறைப் பயணத்தில் பட்ட காயத்தால்தான் இறந்தார்.

அவரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தவிர்த்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடியபோது சத்தியமூர்த்தி எதிர்த்தரப்பில் நின்றார். கலை, மரபு என்ற பெயரில் அவர் வைத்த வாதங்கள் அன்றே பலருக்கு ஏற்புடையதாக இல்லை, எனக்கும் இல்லை. அதே திறமை அங்கே தவறான பக்கத்துக்குப் பயன்பட்டது. இன்னொரு பக்கம், பிற்காலத் தமிழ்நாட்டை ஆண்ட காமராஜரை அரசியலில் வளர்த்தவரும் இவர்தான். 1936இல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940இல் காமராஜர் தலைவரானபோது, குருவே செயலாளராக இருந்து வேலை பார்த்தார். பதவியின் உயரத்தை அவர் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இன்றைய சென்னை மேயரால் இப்படி ஓர் அணையைக் கொண்டுவர முடியுமா? இப்போதைய சட்டப்படி பதில், முடியாது. 1978இல் சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியம் என்ற தனி அமைப்பு உருவானது. குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையை விட்டுப் போயின. நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் அந்த வாரியம் மாநில அரசுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகைத் திறப்பதும் மூடுவதும் மாநில நீர்வளத் துறை. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996இலிருந்து ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் சென்னை மேயருக்கு ஒரு சொல் உரிமையும் இல்லை.

மேயர் பதவியும் இடையில் காணாமல் போய்விட்டது. 1973இல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அதற்குப் பின் 1996 வரை தேர்தலே இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் வந்த பிறகுதான் தேர்தல் கட்டாயமாயிற்று. 1996இலும் 2001இலும் 2011இலும் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டாகியிருக்கிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. நிறைவேற்று அதிகாரம் அரசு நியமிக்கும் கமிஷனரிடமே இருப்பது மட்டும் மாறவில்லை. மேயர் வாதாடலாம், ஏடுகளைக் கேட்கலாம், மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். மழைநீர் வடிகால், சாலை, குப்பை, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புறச் சுகாதார நிலையம் இவையெல்லாம் இன்னும் மாநகராட்சியின் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் வெள்ளம் நிற்கும் நகரத்தில், கோப்பைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரு மேயர் வடிகாலில் மட்டும் கை வைத்தாலே ஐந்தாண்டுக்கும் வேலை இருக்கும்.